காலளவு

நான்கு வயது நிறைந்த அன்று என் மகளின் வலது கால் 162 மில்லிமீட்டர். இடது கால் 161. இரண்டு காலும் ஒரே அளவாக வாய்த்தவர்கள் குறைவு. ஷூ தொழிலில் பெரிய காலைத்தான் கணக்கில் எடுப்போம். எங்கள் கம்பெனிக் கணக்கில் அவளுக்கு இப்போது 26.

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் பேட்டர்ன் பிரிவில் வேலை பார்க்கிறேன். ஐரோப்பாவுக்குப் போகும் குழந்தைகள் ஷூ, 20-ஆம் அளவிலிருந்து 35 வரை. புது மாடல் வந்தால் நடுவில் ஓர் அளவை முதலில் வெட்டித் தைத்துப் பார்ப்போம். அது சரியாக வந்தபின் மேலேயும் கீழேயும் மற்ற அளவுகளுக்குக் கொண்டுபோவோம். கிரேடிங் என்று அதற்குப் பெயர். ஐரோப்பியக் கணக்கில் ஓர் அளவுக்கும் அடுத்ததற்கும் இடைவெளி மூன்றில் இரண்டு சென்டிமீட்டர். இங்கிலாந்துக்காரர் கணக்கு வேறு, அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு. பழைய நாளில் ஒரு வாற்கோதுமை மணியின் நீளத்தை வைத்துச் சொன்னது. எந்தக் கணக்கானாலும் இடைவெளி மாறாது. கம்ப்யூட்டரில் எண்ணைத் தட்டினால் எல்லா அளவும் ஒரே சீராக வரிசைகட்டி நிற்கும்.

பிள்ளைகள் அப்படி வளர்வதில்லை. ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் மகளைப் பேட்டர்ன் அட்டைமேல் நிற்கவைத்து, பென்சிலை நெட்டுக்குத்தாகப் பிடித்துக் காலைச் சுற்றி வரைந்து, வெட்டி வைக்கிறேன். முதல் வருடம் 118 மில்லிமீட்டர், அடுத்து 138, பிறகு 152, இப்போது 162. ஷூ அளவில் 20, 23, 25, 26. மூன்று படி தாண்டியவள் அடுத்த வருடம் இரண்டு படி, இந்த வருடம் ஒரே படி. நான்கு அட்டைகளையும் குதிகால் சேர்த்து ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் விரல் பக்கத்து ஓரங்கள் படிக்கட்டு போலத் தெரிகின்றன. முதல் அட்டையில் கால் உப்பிய இட்லி மாதிரி இருக்கிறது. உள்பக்கம் வளைவே இல்லை. நாலாவதில் பாதத்தின் உள்பக்கம் லேசாகக் குழிந்திருக்கிறது. இந்த ஒரு வளைவு வருவதற்கு நான்கு வருடம் ஆகியிருக்கிறது.

அம்மாவுக்கு இது வேடிக்கை. "தோலுக்கு அளவு பாப்பாங்க, பீடிக்கு எண்ணிக்கை பாப்பாங்க. புள்ளைக்கு இன்னாடி அளவு?" என்று ஒவ்வொரு வருடமும் கேட்கிறாள்.

அவள் சொல்வதில் நியாயம் உண்டு. ராணிப்பேட்டை, மேல்விஷாரம், வேலூர், பேர்ணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று நீளும் இந்தத் தோல் சீமையில் அளவெடுப்புக்கு என்றும் குறைவில்லை. தோலைச் சதுர அடியில் அளந்தார்கள். அதன் கனத்தை மில்லிமீட்டரில் பார்த்தார்கள். பீடியை ஆயிரம் ஆயிரமாக எண்ணிக் கட்டினார்கள். பிள்ளை எத்தனை கிலோ என்று யாரும் கேட்டதாக அம்மாவுக்கு நினைவில்லை.

அவள் பிறந்த தேதியே யாருக்கும் தெரியாது. ஆதார் அட்டையில் 01.01.1971 என்று இருக்கிறது. தெருவில் அவள் வயதுப் பெண்கள் முக்கால்வாசிப் பேர் ஜனவரி ஒன்றாம் தேதி பிறந்தவர்கள்தான். பாட்டி வைத்திருந்த கணக்கு வேறு: கேழ்வரகு கதிர் விட்டிருந்த சமயம், மூத்தவன் செத்த மறு வருஷம். பிறப்பு, இறப்பைப் பதிவு செய்யும் சட்டம் 1969-லேயே வந்துவிட்டது. பேர்ணாம்பட்டுப் பக்கத்து எங்கள் கிராமத்துக்கு அது நடந்து வருவதற்குச் சில வருடம் பிடித்தது. அம்மாவைப் பெற்றபோது அது வடஆற்காடு மாவட்டம். 1993-இல் நான் பிறந்தபோது வடாற்காடு அம்பேத்கர் மாவட்டம். என் சான்றிதழில் அப்படித்தான் மையால் எழுதியிருக்கிறது. மகளுடையதில் திருப்பத்தூர் மாவட்டம் என்று அச்சாகியிருக்கிறது, ஓரத்தில் க்யூ.ஆர். கட்டத்தோடு.

பழைய கணக்கும் போய்விடவில்லை. பேத்தி எப்போது பிறந்தாள் என்று யாராவது கேட்டால் அம்மா தேதி சொல்வதில்லை. "பாலாத்துல வெள்ளம் வந்துச்சே, அப்போ" என்பாள். கேட்டவர்களுக்கும் உடனே புரிந்துவிடுகிறது. 2021 நவம்பர். 1903-இல் வாணியம்பாடியை வாரிக்கொண்டு போன வெள்ளத்தைக் கதையாகக் கேட்டு வளர்ந்தவர்கள், மணலும் முள்ளும் மட்டுமே பார்த்துப் பழகிய ஆற்றில் இருகரை தொட்ட தண்ணீரைப் பார்க்கப் பாலத்துக்குப் பாலம் கூடி நின்றார்கள். 19-ஆம் தேதி காலையில் பேர்ணாம்பட்டில் மழைக்கு வீடு இடிந்து 9 பேர் செத்துப்போனார்கள். 4 பேர் குழந்தைகள். மறுநாள் இவள் பிறந்தாள். எடை 2.7 கிலோ, நீளம் 48 சென்டிமீட்டர், தலைச்சுற்று 33. மூன்று எண்ணும் அட்டையில் ஏறிய பிறகுதான் பிள்ளை என் கைக்கு வந்தாள்.

அம்மா பிறந்த அதே வருடங்களில், பக்கத்திலேயே, குழந்தைகளை அளந்துகொண்டிருந்தார்கள் என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. வேலூர் சி.எம்.சி. மருத்துவக் கல்லூரிக்காரர்கள் 1969 முதல் 1973 வரை, வேலூர் நகரத்திலும் கே.வி.குப்பம் ஒன்றியத்துக் கிராமங்களிலும் வீடு வீடாகப் போய், இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களைத் தொடர்ந்து கவனித்து, பிறந்த 10,670 குழந்தைகளைப் பதிவு செய்தார்கள். கே.வி.குப்பம் குடியாத்தத்துக்கும் காட்பாடிக்கும் நடுவில் இருக்கிறது. பாட்டி வீடு கொஞ்சம் கிழக்கே தள்ளி இருந்திருந்தால் அம்மாவின் எடை ஒரு நோட்டில் இருந்திருக்கும்.

அந்தக் குழந்தைகள் வளர்ந்து இருபத்தெட்டு வயதை ஒட்டியிருந்தபோது, 1998-க்கும் 2002-க்கும் இடையில், 2,218 பேரைத் தேடிப்பிடித்து மறுபடி அளந்தார்கள். ரத்தத்தில் சர்க்கரை அந்த வயதிலேயே பலருக்குக் கூடியிருந்தது. கைக்குழந்தையில் மெலிந்திருந்து பின்னால் சதை போட்டவர்களிடம் அது அதிகம் என்று கண்டார்கள். அம்மாவுக்கு 43 வயதில் சர்க்கரை வந்தது. கைக்குழந்தையில் அவள் எப்படி இருந்தாள் என்பதற்குப் பாட்டி விட்டுப்போன சாட்சி ஒரு வாக்கியம்தான்: எலிக்குஞ்சு மாதிரி இருந்தாளாம்.

பாட்டி பெற்றது ஏழு, தங்கியது நான்கு. 1971-இல் தமிழ்நாட்டில் உயிரோடு பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 113 ஒரு வயதுக்குள் இறந்தன. அம்மா பெற்றது மூன்று. மூன்று பேரும் இருக்கிறோம். நான் பெற்றது ஒன்று. 2020 கணக்குப்படி ஆயிரத்துக்கு 13. திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று வீட்டுப் பிரசவச் சாவுகளைக் கண்டு மனம் மாறிய ஐடா ஸ்கடர் வேலூரில் ஒரே ஒரு கட்டில் போட்டு வைத்தியம் தொடங்கியது 1900-இல் என்று பள்ளிக்கூடத்திலேயே படித்திருக்கிறேன். அந்தக் கட்டில் சி.எம்.சி. என்ற பெரிய ஆஸ்பத்திரியாக வளர்ந்து, எழுபது வருடம் ஆன பிறகும் பாட்டி ஏழு பிள்ளையையும் வீட்டு மண்தரையில், மருத்துவச்சி கையால்தான் பெற்றாள். தூரம் முப்பது மைலுக்குள்தான். ஆனால் அந்த முப்பது மைலைக் கடக்க ஒரு நாள் பீடிக் கூலியை விட வேண்டும்.

அம்மாவுக்குக் குழந்தைப் பருவம் என்று தனியாக ஒன்று இருந்ததா என்பது எனக்குச் சந்தேகம். ஆறு வயதில் பீடிக்கு முனை மடிக்க உட்கார்ந்தாள். பெரியவர்கள் இலையை வெட்டி, தூள் வைத்து, சுருட்டி, நூல் கட்டிப் போட்டால், வாயை மடித்து உள்ளே தள்ளுவதற்குச் சின்ன விரல்தான் தோது. குடியாத்தம், பேர்ணாம்பட்டுப் பக்கம் பிள்ளையைக் காட்டி முன்பணம் வாங்குவதும், கடன் அடைகிறவரை பிள்ளை முதலாளியின் கொட்டகையில் உட்கார்ந்திருப்பதும் ரொம்ப நாள் நடந்தது. 1976-இல் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது. 1986-இல் வந்த குழந்தைத் தொழிலாளர் சட்டம், பிள்ளைகள் செய்யக்கூடாத வேலைகளில் பீடி சுற்றுவதையும் சேர்த்துவிட்டு, குடும்பத்தார் துணையோடு செய்தால் பாதகமில்லை என்று விலக்கும் கொடுத்தது. பீடி எங்கள் ஊரில் குடும்பத்தாரோடு திண்ணையில் உட்கார்ந்து செய்கிற வேலை. சட்டம் எழுதியவர்களுக்கு இது தெரியாமலா இருந்திருக்கும்!

இலை வெட்டும் தகடு ஒன்று அம்மாவிடம் இன்னும் இருக்கிறது. இரும்பு, நீள்சதுரம், ஓரங்கள் தேய்ந்து மழுங்கிவிட்டன. ஊறவைத்த இலைமேல் அதை வைத்து, சுற்றிலும் கத்தரியை ஓட்ட வேண்டும். தடித்த நரம்பு நடுவில் வந்தால் பீடி வாங்காது. ஆகவே எந்தப் பக்கம் வைத்தால் ஓர் இலையில் கூடுதலாக ஒரு துண்டு கிடைக்கும் என்று கண் முதலில் பார்த்துக்கொள்ளும். எங்கள் கட்டிங் பிரிவிலும் தோல் எந்தப் பக்கம் இழுக்கும், தழும்பு எங்கே இருக்கிறது என்று பார்த்துத்தான் டையை வைக்கிறார்கள். நான் பேட்டர்ன் வேலைக்குச் சேர்ந்த புதிதில், நாள் முழுக்க என்ன செய்கிறேன் என்று விளக்கிச் சொன்னேன். அம்மா உள்ளே போய்த் தகட்டை எடுத்துவந்து காட்டினாள். "இதானே?" என்றாள். ஏறக்குறைய அதுதான்.

நானும் மடித்திருக்கிறேன், பள்ளி விட்டு வந்த பிறகு, பத்து வயது வரை. அதன் பிறகு அம்மா என்னைப் பீடி முறத்துப் பக்கம் சேர்க்கவில்லை. காரணம் சொன்னதில்லை. எம்.ஜி.ஆர். 1982-இல் சத்துணவைத் தொடங்கியபோது அம்மாவுக்குப் பதினொன்று, பன்னிரண்டு வயது. பள்ளிக்கூடம் போகாதவளுக்கு அந்தத் தட்டில் பங்கில்லை. எனக்கு இருந்தது. வாரத்துக்கு ஒரு முட்டை. அந்த நாள் காய்ச்சல் வந்தாலும் மட்டம் போடமாட்டோம். 2010-இலிருந்து பள்ளியில் ஐந்து நாளும் முட்டை. மகள் போன மே மாதம் வரை போய்வந்த பால்வாடியில் வாரத்துக்கு மூன்று. அவள் வெள்ளையை மட்டும் தின்றுவிட்டு மஞ்சளை ஆயம்மா கையில் கொடுத்துவிடுகிறாள் என்று புகார் வந்தது. எனக்குக் கோபம்தான் வந்தது, அம்மாவுக்குச் சிரிப்பு.

அந்தப் பால்வாடியில்தான் முதன்முதலாக வளர்ச்சி அட்டையைச் சரியாகப் படிக்கக் கற்றுக்கொண்டேன். பச்சை, மஞ்சள், சிவப்புப் பட்டைகள்; மாதாமாதம் எடைக்கு ஒரு புள்ளி. பதினான்காம் மாதம் விடாமல் வயிற்றுப்போக்கு வந்து, எடை 7.3-க்கு இறங்கி, புள்ளி மஞ்சளில் விழுந்தது. டீச்சர் விரலை வைத்துக் காட்டினார். "கோடு மேல ஏறலன்னா கூட பரவால்ல, படுத்துக்கக் கூடாது. இது படுத்துக்கிச்சு." சத்துமாவு, முட்டை, உப்பு சர்க்கரைக் கரைசல் என்று மூன்று மாதம் ஓடியது. கோடு மறுபடி தலை தூக்கி, பச்சைக்குள் வந்து, அங்கேயே இருக்கிறது. இப்போது 14.6 கிலோ, 99 சென்டிமீட்டர். அம்மா காலத்திலும் இந்தக் கோடு ஒவ்வொரு பிள்ளைக்கும் இப்படிப் படுத்திருக்கும். காட்டுவதற்கு அட்டை இல்லாததால், படுத்தது கோடு என்று தெரியாமல் பிள்ளைதான் படுத்தது.

அந்தப் பச்சைப் பட்டை எங்கிருந்து வந்தது என்று தேடிப் படித்தேன். பிரேசில், கானா, நார்வே, ஓமன், அமெரிக்கா, நம் டெல்லி ஆகிய இடங்களில், நன்றாகத் தாய்ப்பால் குடித்து வளர்ந்த பிள்ளைகளை அளந்து, உலகச் சுகாதார நிறுவனம் 2006-இல் வெளியிட்டது. ஒழுங்கான சாப்பாடும் நோயற்ற வீடும் கிடைத்தால் எந்த நாட்டுப் பிள்ளையும் ஐந்து வயது வரை ஏறக்குறைய ஒரே மாதிரிதான் வளரும் என்பது அதில் தெரிந்த விஷயம். ஷூக்காரிக்கு இது புதிதல்ல. ஜெர்மனிக்கு என்று நான் போடும் 26-ஆம் அளவு என் மகளுக்குச் சரியாக இருக்கிறது.

வயிற்றுப்போக்கு என்றதும் இன்னொன்று. 2002-இல் சி.எம்.சி.யில் மறுபடி ஒரு கணக்கெடுப்பு தொடங்கினார்கள். வேலூரின் நெருக்கமான குடிசைப் பகுதிகளில் 452 குழந்தைகளைப் பிறந்ததிலிருந்து சேர்த்து, 373 பேரை மூன்று வருடம் விடாமல் பார்த்தார்கள். ககன்தீப் காங் அந்தக் குழுவில் முக்கியமானவர். எந்த வயதில் ரோட்டா வைரஸ் தொற்றுகிறது, எத்தனை முறை வந்தால் எவ்வளவு எதிர்ப்பு கிடைக்கிறது என்று அந்தப் பிள்ளைகளிடமிருந்துதான் தெரிந்தது. பிறகு இந்தியாவில் செய்த ரோட்டா தடுப்பு மருந்தைச் சோதித்துப் பார்த்த மூன்று இடங்களில் வேலூரும் ஒன்று. 2017-இல் தமிழ்நாட்டின் அரசுத் தடுப்பூசிப் பட்டியலில் ரோட்டா சொட்டு மருந்து சேர்ந்தது. என் மகள் ஆறாவது, பத்தாவது, பதினான்காவது வாரங்களில் அதைக் குடித்தாள். அவளுக்கு வந்த வயிற்றுப்போக்கு வேறு எதனாலோ. ஆனாலும் முப்பது மைலுக்கு அப்பால் யாரோ ஒரு தாய், வாராவாரம் கதவைத் தட்டியவர்களுக்குச் சலிக்காமல் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள் என்பதை அந்தச் சொட்டு விழுந்தபோது நினைத்துக்கொண்டேன். அந்தப் பிள்ளைகளுக்கு இப்போது இருபத்து மூன்று வயது இருக்கும்.

தண்ணீர்க் கதையைச் சொல்லாமல் இந்த ஊரில் பிள்ளை வளர்ந்த கதையைச் சொல்ல முடியாது. தாத்தா தோல் ஷாப்பில் சுண்ணாம்புக் குழியில் இறங்கி வேலை செய்தவர். அந்தக் காலத்தில் ஆவாரம் பட்டையில் ஊறிப் பதமாகத் தோலுக்கு வாரக்கணக்கில் ஆகும். குரோமியம் வந்த பிறகு ஒரே நாளில் முடிகிறது. வேலை சுருங்கியது, ஊருக்குப் பணம் வந்தது, வாசற்படி வரை வந்த பணத்தோடு கிணற்றுக்குள் உப்பும் வந்தது. அம்மா சின்னவளாக இருந்தபோது பாலாற்று மணலில் கையால் ஊற்று தோண்டி, கொட்டாங்குச்சியால் மொண்டு குடம் நிரப்பியிருக்கிறாள். நான் பிறந்தபோது அந்தத் தண்ணீரை வாயில் வைக்க முடியாது. தோல் பதனிடும் வட்டாரத்தில் 35,000 ஹெக்டேர் நிலம் பாதியோ முழுதோ பயிருக்கு ஆகாமல் போனதாக, 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பில் இருக்கிறது. கெடுத்தவனே செலவைக் கட்ட வேண்டும் என்ற கொள்கையை நாடு முழுக்கப் பேசவைத்தது எங்கள் ஊர் வழக்கு. இருபத்தெட்டு வருடம் கழித்து, 2025 ஜனவரி 30 அன்று, அதே நீதிமன்றம் அதே பாலாற்றுக்காக மறுபடி ஒரு தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது. வேறென்ன சொல்ல!

மகள் குடிப்பது குழாயில் வரும் காவிரித் தண்ணீர், அல்லது கேன் தண்ணீர். பாலாறு அவளுக்குப் பஸ் பாலத்தைக் கடக்கும்போது ஜன்னலில் வந்துபோகும் மணல். பிறந்த வாரம் ஓடிய ஆற்றை அவளுக்குப் போனில் வீடியோவாகக் காட்டியிருக்கிறேன். "இது கடலா?" என்றாள்.

எங்கள் கம்பெனியில் தைக்கும் ஷூவுக்குச் சான்று வேண்டும். தோலில் ஆறு இணைதிறன் குரோமியம் கிலோவுக்கு 3 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது 2015 மே முதல் ஐரோப்பியச் சட்டம். லேப் அறிக்கை வராமல் ஒரு பெட்டியும் லாரி ஏறாது. நல்ல சட்டம். இந்தப் பக்கத்துக் கிணறுகளுக்கு அப்படி ஓர் அறிக்கை பெட்டியோடு போவதில்லை.

இவ்வளவையும் கூட்டிப் பார்த்தால் மகள் பக்கம்தான் தராசு தாழ்கிறது. அதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. ஆனால் தராசில் ஏறாத ஒன்று இருக்கிறது.

அம்மா என்னைப் பெற்ற பதினோராம் நாள் முறத்தை மடியில் வைத்தாள். தூளியிலிருந்து ஒரு கயிறு அவள் கால் கட்டைவிரலுக்கு வரும். கைகள் பீடி சுற்ற, கால் தூளியை ஆட்டும். ஆயிரம் பீடி முடிகிறவரை கால் நிற்காது. புகையிலைத் தூள் காற்றிலெல்லாம் இருந்தது. எனக்கு ஐந்து வயது வரை இருமல். அதைப் பார்த்தால் அந்த வீடு பிள்ளை வளர்க்கிற இடமே அல்ல. ஆனால் அம்மா ஒரு கயிறு நீளத்துக்கு மேல் என்னைவிட்டுப் போனதில்லை. நான் எப்போது குப்புற விழுந்தேன், எப்போது பல் முளைத்தது, முதலில் எந்தச் சொல்லைச் சொன்னேன் என்று தேதி தெரியாத அவளுக்கு எல்லாம் தெரியும்.

எனக்கு ஈ.எஸ்.ஐ. மூலம் 26 வாரம் சம்பளத்தோடு மகப்பேறு விடுப்பு கிடைத்தது. 1961 சட்டம் கொடுத்தது 12 வாரம். 2017-இல் அதை 26 ஆக்கினார்கள். அம்மாவின் பதினோரு நாளுக்கு முன்னால் அது பெரிய சீர். அந்த 26 வாரம் முடிந்த திங்கட்கிழமை காலை ஏழே முக்காலுக்குக் கம்பெனி பஸ் தெருமுனையில் வந்து நின்றது. பிள்ளை அம்மாவிடம். சாயங்காலம் ஆறரைக்கு நான் திரும்பும்போது பாதி நாள் அரைத் தூக்கத்தில் இருப்பாள். பஸ்ஸில் இருக்கும் ஐம்பது பெண்களில் பாதிப்பேர் இப்படித்தான். மடியில் டிபன் பாக்ஸ், போனில் பிள்ளையின் படம். அத்தனை பேரும் வெட்டி, தைத்து, ஒட்டிப் பெட்டியில் போடுவது யாரோ ஒரு பிள்ளையின் ஷூவை.

பதினோராம் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை, மகள் நடந்தாள். வேலை நேரத்தில் செல்போனை லாக்கரில் வைத்துவிட வேண்டும். சாப்பாட்டு மணி அடித்த பிறகு எடுத்துப் பார்த்தேன், அம்மாவிடமிருந்து நாலு மிஸ்டு கால். பயந்துகொண்டுதான் திருப்பிக் கூப்பிட்டேன். "மூணடி வச்சாடி" என்றாள். எவ்வளவு தூரம் என்று கேட்டேன். அதை ஏன் கேட்டேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. "கதவுலேந்து மொறம் வரிக்கும்" என்றாள். அன்று இரவு டேப்பை எடுத்து அந்த இடத்தை அளந்தேன். 84 சென்டிமீட்டர். முறத்தை அம்மா அதற்குள் எடுத்து மாட்டியிருந்தாள். எங்கே இருந்தது என்று காட்டச் சொல்லி அளந்தேன்.

இந்த வருடப் பிறந்தநாள் வியாழக்கிழமை வந்தது. எல்.கே.ஜி.க்குக் கலர் டிரஸ் போட்டுக்கொண்டு, வகுப்புக்குச் சாக்லேட் எடுத்துக்கொண்டு போனாள். அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்தேன். பிரியாணி சொல்லியிருந்தோம், சீரகச் சம்பா, தொட்டுக்கொள்ள கத்திரிக்காய். பேக்கரி கேக்கில் அவள் பெயரை ஓர் எழுத்து விட்டு எழுதியிருந்தார்கள். அவளுக்கு இன்னும் படிக்கத் தெரியாததால் பிரச்சினை இல்லை. அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் வந்து தின்றுவிட்டுப் போன பிறகு, வழக்கம்போல அட்டையை எடுத்துத் தரையில் வைத்தேன். போன வருடம் வரை கூச்சத்தில் விரல்களை மடக்கிக்கொள்வாள். இந்த வருடம் தானாகவே வந்து ஏறி, குதிகாலைச் சுவரில் ஒட்டி, "ஆடக்கூடாதுல்ல?" என்று கேட்டுவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். 162.

இறங்கியதும் அம்மாவின் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். "இப்ப ஆயா."

அம்மா முதலில் மறுத்தாள். அவள் காலை யாரும் தொட்டு அளந்ததில்லை. செருப்பு வாங்கினால் கடையில் போட்டுப் பார்த்துச் சரியாக இருந்தால் எடுத்துக்கொள்வாள், நம்பர் பார்க்கமாட்டாள். பேத்தி விடவில்லை. கடைசியில் புடவையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு அட்டைமேல் நின்றாள். குதிகாலில் வெடிப்பு. கட்டைவிரலின் அடியில் தோல் சற்றுத் தடித்து, வரியோடிக் கிடந்தது, தூளிக் கயிறு இருந்த இடம். பென்சிலைச் சுற்றிக் கொண்டுவந்தேன். நானும் அம்மாவும் இத்தனை வருடம் அருகருகே இருந்தும் இதற்கு முன் நான் கவனிக்காதது ஒன்று: அம்மாவின் கால் ரொம்பச் சின்னது.

"எவ்ளோடி?" என்றாள்.

220 மில்லிமீட்டர். அட்டையில் தேதியும் அவள் பெயரும் எழுதி, பக்கத்தில் 35 என்று போட்டேன். எங்கள் குழந்தைகள் வரிசையின் கடைசி அளவு.